செதுக்கிய மரவாத்து தண்ணீரில் ஏன் சாய்கிறது?

அமெரிக்காவின் மேரிலாந்தில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. ஹாவர் டி கிரேஸ் ஊரில் இருக்கும் டிகாய் (வேட்டைக்கான போலி வாத்து) அருங்காட்சியகத்தைப் பார்த்த ஆசையில், பாஸ்வுட் கட்டை வாங்கி, மூன்று மாதம் மெனக்கெட்டு ஓர் ஆண் மல்லார்டு வாத்தைச் செதுக்கியிருக்கிறார். மேசையில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருந்ததாம். குளத்தில் விட்டதும் இடப்பக்கம் சாய்ந்து, மார்பை அமுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. குளிர்காலம் வந்ததும் மார்பில் விரிசல் விட்டது. வால் நுனி உடைந்தது. அடிப்பக்கத்தில் பெயின்ட் தோல் தோலாக உரிகிறது. "எனக்குக் கை வரவில்லை என்று விட்டுவிடலாமா, இல்லை இதைத் திருத்த முடியுமா? கிளப், போட்டி என்றெல்லாம் சொல்கிறார்களே, என்னைப் போன்ற புதியவர் போகலாமா?" என்று முடித்திருக்கிறார்.

நான்கு கோளாறுகளைச் சொல்லியிருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: தப்பு கையிலா, முறையிலா? நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் முறையில்தான். பறவையின் உருவத்தை முதலில் செதுக்கி, மிதப்பதைப் பற்றிக் கடைசியில் யோசித்திருக்கிறீர்கள். டிகாய் செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். அவர்களுக்கு அது முதலில் ஒரு சின்னப் படகு. படகு சரியாக அமைந்த பிறகு அதன்மேல் பறவை வந்து உட்காரும். சாய்வு, விரிசல், உரிதல் மூன்றுமே படகில் வரும் கோளாறுகள் என்று எண்ணிக்கொண்டு பாருங்கள், திருத்தும் வழி தானாகப் புலப்படும்.

டிகாய் என்பது பறக்கும் வாத்துகளை இறங்கச் செய்வதற்காகத் தண்ணீரில் மிதக்கவிடும் போலி வாத்து. தமிழில் இதற்குப் பக்கத்தில் வரும் பழைய சொல் ஒன்று உண்டு: பார்வை. தன் இனத்தையே பிடிப்பதற்காகப் பழக்கி வைக்கும் விலங்குக்கும் பறவைக்கும் அந்தப் பெயர். வட அமெரிக்கப் பழங்குடிகள் கோரையைக் கட்டியே இதைச் செய்தார்கள். நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-ல் கிடைத்த 11 கோரை வாத்துகள் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையானவை. சில வாத்துகளின் மேல் இறகும் வண்ணமும் கூட மிச்சமிருந்தன. அவையும் மிதப்பதற்காகவே கட்டப்பட்டவை.

மரத்துக்கு வந்த பிறகு, ஒவ்வொரு வட்டாரத்தின் தண்ணீரும் அங்கங்கே வாத்தின் உருவத்தைத் தீர்மானித்தது. நீங்கள் அருங்காட்சியகத்தில் பார்த்தவை சஸ்குவெஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆழமில்லாத பரப்புக்காகச் செய்யப்பட்டவை. அங்கே சிங்க்பாக்ஸ் எனும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஆள் படுத்துக்கொள்ளும் பெட்டியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் டிகாய் போடுவார்கள். அவ்வளவு எண்ணிக்கை தேவைப்பட்டதால் சீக்கிரம் செய்யக்கூடிய, உருண்டை அடியுள்ள, உள்ளே குடையாத கட்டை வாத்து அந்த வட்டார வழக்கமாகிவிட்டது. நியூ ஜெர்சியின் பார்னிகாட் விரிகுடாவில் நிலைமை வேறு. ஸ்னீக்பாக்ஸ் என்ற சிறு படகில் ஒருவரே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட வேண்டும், ஆகவே எடை குறைய வேண்டும். அட்லாண்டிக் வெள்ளை சிடாரை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகச் செய்து உள்ளே குடைந்து ஒட்டினார்கள். மெய்ன் கடற்கரையில் அலை பெரிது. அங்கே வாத்து அகலமாகவும் கனமாகவும் இருக்கும், தலையை உடம்பில் குழி வெட்டி உள்ளே இறக்கிப் பொருத்துவார்கள். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் செசபீக் வாத்தின் வடிவத்தைப் பார்த்து, அலங்காரச் சிற்பிகள் பயன்படுத்தும் மரத்தில், இரண்டின் விதிகளையும் கலந்து செய்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

சரி, சாய்வுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து மட்டும் காரணம் சொல்ல முடியாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். சமையலறைத் தராசில் வாத்தைக் காய்ந்த நிலையில் எடை போட்டு கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். குளியல் தொட்டியில் ஓர் இரவு முழுக்க மிதக்கவிட்டு, காலையில் துணியால் நன்றாகத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்து கிராம், பத்து கிராம் கூடியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஐம்பது கிராம் கூடியிருந்தால் மரம் தண்ணீர் குடிக்கிறது. விரிசல் வழியாகவோ அடிப்பக்கம் உரிந்த இடத்திலோ உள்ளே போகிறது, சாய்வு அதன் விளைவாகவும் இருக்கலாம். அப்படியானால் சமன் செய்வதற்காக அடியில் பொருத்தும் ஈயத்தை நகர்த்திப் பயனில்லை, முதலில் காயவைத்து அடைக்க வேண்டும். எடை கூடாமலேயே சாய்ந்தால் கோளாறு எடைப் பங்கீட்டில் இருக்கிறது.

எடைப் பங்கீட்டில் பலரும் கவனிக்காத இடம் தலை. உங்கள் வாத்து இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறதா? உயிரோட்டம் வரவேண்டும் என்று தலையைத் திருப்பி வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்கு ஈடுகட்ட வேண்டும். கணக்கு எளியது. தலை 120 கிராம் என்றும், திருப்பியதால் அதன் எடை மையம் நடுக்கோட்டிலிருந்து 1.5 சென்டிமீட்டர் இடப்பக்கம் போயிருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 120-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 180. அடியில் 180 கிராம் ஈயம் இருந்தால் அதை 1 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினால் சமன் ஆகிவிடும். மார்பு அமுங்குவதும் இதே கணக்குதான், ஈயம் பின்னால் போக வேண்டும். முழுக் கட்டை வாத்தில் முன்பக்கம் கனப்பது இயல்பு. தலையும் பருத்த மார்பும் முன்னால் இருக்கின்றன, பின்பக்கம் வால் நோக்கிச் சரிந்து மெலிகிறது.

ஈயத்தின் இடத்தைக் கண்ணால் மதிப்பிட்டுத் திருகாதீர்கள். சரியான முறை இது: செதுக்கி, கண் பதித்து, சீலர் (மரம் தண்ணீர் குடிக்காமல் அடைக்கும் பூச்சு) அடித்து முடித்த நிலையில், மேல் வண்ணம் தீட்டுவதற்கு முன், வாத்தைத் தொட்டியில் விடுங்கள். ஈயப்பட்டையை இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு அடியில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். நேராக நிற்கும் இடம் கிடைத்ததும் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, எடுத்துக் காயவைத்து, துருப்பிடிக்காத இரண்டு திருகாணியால் பொருத்துங்கள். திருகாணித் துளைக்குள் கொஞ்சம் எப்பாக்ஸி விட்டு முறுக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறாது. மல்லார்டு அளவுக்கு 120 முதல் 220 கிராமுக்குள் ஏதோ ஓர் எடையில் சமன் கிடைத்துவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் அடியின் வடிவத்திலேயே தவறு இருக்கிறது. பழைய ஆட்கள் அடியில் குழி வெட்டி அதிலேயே ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். குழியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும், நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். வீட்டில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், இதைச் செய்யவே வேண்டாம். வார்த்த பட்டையே கடையில் கிடைக்கிறது.

நேராக மிதப்பது பாதி வேலைதான். டிகாய்க்கு உண்மையான தேர்வு, கவிழ்த்துப் போட்டால் தானாக நிமிர்கிறதா என்பது. வேட்டைக்குப் போகிறவர் படகிலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசுவார். தலைகீழாக விழுந்ததை எல்லாம் கையால் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. இதற்கு மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும். எடை அடியில் இருக்க வேண்டும், முதுகு உருண்டிருக்க வேண்டும், தலை போதிய உயரம் இருக்க வேண்டும். முதுகு தட்டையாக இருந்தால் கவிழ்ந்த நிலையில் அதுவே படகின் அடி மாதிரி ஆகிவிடும், நிமிராது. உயர்ந்த தலை கவிழ்ந்ததும் தண்ணீருக்குள் போய் உடம்பை ஒரு பக்கம் தள்ளிவிடும், அங்கிருந்து ஈயம் இழுத்துக்கொள்ளும். தூங்கும் வாத்து, தலையைத் தாழ்த்திய வாத்து எல்லாம் நிமிர்வதற்குச் சிரமப்படுவது இதனால்தான். முதல் இரண்டு மூன்று வாத்துகளுக்கு நிமிர்ந்த தலையே வைத்துக்கொள்ளுங்கள்.

விரிசலுக்குக் காரணம் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பாஸ்வுட் செதுக்குவதற்கு வெண்ணெய் மாதிரி, ஆனால் சுருக்கம் அதிகம். பச்சை மரம் முழுக்க உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் 9.3 சதவீதமும், நடுவிலிருந்து வெளிநோக்கி 6.6 சதவீதமும் சுருங்கும். அட்லாண்டிக் வெள்ளை சிடாரில் இதே அளவுகள் 5.4, 2.9. நீங்கள் வாங்கிய கட்டை கோடையில் 12 சதவீத ஈரத்தில் இருந்திருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கினால் மரம் மெல்ல மெல்ல 6 சதவீதத்துக்குப் போக முயலும். 6 அங்குல அகலக் கட்டையில் இது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருக்கம். கட்டை முழுக்க ஒரே சீராகச் சுருங்கினால் ஒன்றும் ஆகாது. வெளிப்புறம் முதலில் சுருங்கி, உள்ளே இன்னும் ஈரமாக உப்பியிருப்பதால்தான் தோல் பிளக்கிறது. மார்பில் ஏன் என்றால், மார்பும் வாலடியும்தான் மரத்தின் நார் அறுபட்டு வெளியே தெரியும் முகங்கள். ஈரம் நாரின் வழியாக உள்ளே வருவதும் வெளியே போவதும் அங்கேதான் மிக வேகமாக நடக்கும். கட்டையின் நடுவில் மரத்தின் குருத்தும் சேர்ந்து இருந்திருந்தால் விரிசல் தவிர்க்கவே முடியாதது. உடைந்த வால் பக்கத்தில் வளையங்களைப் பாருங்கள். வட்டங்களின் மையம் கட்டைக்குள்ளேயே தெரிந்தால் அதுதான் குருத்து.

இந்த விரிசலை இப்போதே பட்டி வைத்து அடைக்காதீர்கள். மரம் மறுபடி உப்பும்போது கெட்டியான பட்டி உள்ளே ஆப்பு மாதிரி நின்று பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். ஹீட்டர் காற்று படாத அறையில் ஆறு வாரமாவது வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை மாறாவிட்டால் மரம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு விரிசலை மெல்லிய ரம்பத்தால் சீராக்கி, அதே பாஸ்வுட்டில் நார் அதே போக்கில் ஓடும் மெல்லிய சீவலைத் தண்ணீர் தாங்கும் பசை தடவி இறக்குங்கள். பசை காய்ந்ததும் மேலே சீவி உப்புத்தாள் போட்டால் இடமே தெரியாது.

இன்னும் நல்ல வைத்தியம் உள்ளே குடைவது. அடியிலிருந்து முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு பலகையை அறுத்தெடுத்து, டிரில் பிரஸ்ஸில் ஃபார்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையான துளை போடும் அலகு) போட்டு, ஆழம் தாண்டாதபடி ஸ்டாப் வைத்து வரிசையாகத் துளையிட்டு, இடையில் நிற்கும் மரத்தை உளியால் எடுத்துவிட்டு, பலகையைத் திரும்ப ஒட்டுவது. சுவர் முக்கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை இருக்கலாம், தலை உட்காரும் இடத்தில் மட்டும் கனமாக விட்டுவிட வேண்டும். குடைந்த வாத்து விரிசல் விடுவது அரிது, உள்ளும் புறமும் மெல்லியதால் மரம் ஒரே சீராக உலர்கிறது. மிதப்பும் மேம்படும். உலர்ந்த பாஸ்வுட்டின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது ஈயமும் தலையும் சேர்வதற்கு முன்பே கட்டையின் ஏறக்குறைய 40 சதவீதம் தண்ணீருக்குள் போய்விடும். குடைந்தால் வாத்து உயர்ந்து மிதக்கும், மிச்சமான மரம் அடியிலேயே கனமாக நிற்பதால் நிமிரவும் செய்யும். ஒரு எச்சரிக்கை: செதுக்கி முடித்த உருண்டை உடம்பை அப்படியே பேண்ட் சாவில் (வளையமாக ஓடும் மின் ரம்பத்தில்) தள்ளுவது ஆபத்து, பல்லில் மாட்டி உருண்டு கையை இழுத்துவிடும். இரண்டு பக்கமும் பலகை திருகி அசையாமல் பிடிக்கும் தொட்டில் ஒன்று செய்த பிறகே அறுக்க வேண்டும். அது செய்யத் தெரியாவிட்டால் கிளப்பில் யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள், பத்து நிமிட வேலை.

அடுத்த வாத்துக்கு என்ன மரம்? தண்ணீரில் விடுவதற்கென்றால் வெள்ளை சிடார்தான். இலேசு, சுருக்கம் குறைவு, எளிதில் மட்காது. வடக்கத்தி வெள்ளை சிடாரும் சரி, அட்லாண்டிக் வெள்ளை சிடாரும் சரி. வேலிப் பலகையாக விற்கும் மேற்கத்தி சிவப்பு சிடாரை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. செதுக்க வரும், ஆனால் அதன் தூள் சிலருக்கு ஆஸ்துமாவையே வரவழைக்கும், முகமூடி இல்லாமல் தொடக் கூடாது. இறகுக் கோடு ஒவ்வொன்றையும் சூட்டுப் பேனாவால் இழுக்கும் அலங்கார வாத்துக்கு டூப்பலோ மரம். லூசியானா சதுப்புகளில் தண்ணீருக்குள் நிற்கும் மரத்தின் பருத்த அடிப்பகுதியிலிருந்து எடுப்பது. சுழலும் கருவியில் பிசிறு எழும்பாது என்பதே அதன் பெருமை. பாஸ்வுட் மோசம் என்று சொல்ல வரவில்லை, தலைக்கு மிக நல்லது. குடையாத உடம்புக்குத்தான் ஆகாது. ஊருக்குப் போய்ச் செதுக்குவதாக இருந்தால் குமிழ் மரத்தைத் தேடுங்கள். இலேசானது, உலர்ந்த பிறகு அதிகம் அசையாதது.

மரத்தை அறுக்கும் முன் மேலிருந்து ஒரு உருவக்கோடு, பக்கவாட்டிலிருந்து ஒன்று, இரண்டையும் அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டு அட்டையில் முதலில் போட வேண்டிய கோடு நீர்மட்டக் கோடு. உடம்பு 13 அங்குல நீளம், 6 அல்லது 6½ அங்குல அகலம், 4 அங்குல உயரம் என்றால் மல்லார்டுக்குப் போதும். நடுக்கோட்டைக் கட்டையின் ஆறு முகத்திலும் போட்டு, சீவச் சீவ அழியும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துவராமல் போவது, நடுக்கோடு அழிந்த பிறகும் கண்ணை நம்பிச் சீவுவதால்தான். கைக்கோடாலியால் ஓரங்களைத் தட்டி, இரு கைப்பிடிக் கத்தியால் உருட்டி, ஸ்போக்ஷேவ் எனும், வளைவுகளைச் சீவும் சிறு இழைப்புளியால் சமன் செய்து, அரத்தால் ராவி முடிப்பது பழைய வழி. பேண்ட் சா இருந்தால் முதல் படி சுலபம், மற்றபடி வரிசை மாறுவதில்லை.

தலையில் நார் அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும். கழுத்து நிற்கும் திசையில் நாரை வைத்துவிட்டால் அலகு கீழே விழுந்த அன்றே ஒடியும். உங்கள் வால் உடைந்ததும் இதே காரணத்தால்தான் இருக்கும், மேல்நோக்கி வளைந்த வாலில் நார் நுனிவரை ஓடாமல் குறுக்கே அறுபட்டு நிற்கும். வேலைக்கான வாத்தில் வால் நுனியை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே மெலிய விடாதீர்கள். மெலிவு வேண்டுமென்றால் நுனியை மட்டும் கெட்டியான வேறு மரத்தில் செய்து உள்ளே செருகி ஒட்டுங்கள். இப்போது உடைந்ததற்கும் அதே முறைதான்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், வாத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வாத்தின் தலையை நேர் எதிரே இருந்து பாருங்கள்: உச்சி ஒடுங்கி, கன்னம் அகன்று இருக்கும். கண் கன்னத்தின் மேல் உட்காராது, அதற்கு மேலே அலகின் அடியிலிருந்து பின்னோக்கி ஓடும் ஒரு மெல்லிய பள்ளத்தில் இருக்கும். இந்தப் பள்ளத்தை எடுக்காமல் உருண்டைத் தலையில் நேரே துளை போட்டால் கண் பிதுங்கி, மீனைப் போல் ஆகிவிடும். துளையிடுவதற்கு முன் இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, எதிரே இருந்தும் மேலே இருந்தும் பாருங்கள். இரண்டு ஊசியும் ஒரே உயரத்தில், அலகிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வாத்து மாறுகண் போட்டுப் பார்க்கும். மல்லார்டுக்கு 10 மில்லிமீட்டர் பழுப்புக் கண்ணாடிக் கண், சிறிய கிளுவைக்கு 8, கனடா வாத்துக்கு 12 என்பது வழக்கம். எப்பாக்ஸி பட்டியைக் குழியில் கொஞ்சம் வைத்துக் கண்ணை அழுத்தினால் சுற்றிப் பிதுங்கி வரும். அதையே ஈரமான ஊசி முனையால் இழுத்து இமையாக்கிவிடலாம்.

பெயின்ட் அடிப்பக்கம் உரிவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். மரத்துக்குள் இருந்த ஈரம் வெளியே தள்ளியிருக்கலாம், உப்புத்தாள் தூளைத் துடைக்காமல் அடித்திருக்கலாம், அல்லது ஆயில் பெயின்ட்டின் மேல் அக்ரிலிக் அடித்திருக்கலாம். தோல் மாதிரி நீளமாக உரிந்து, அடியில் வெறும் மரம் தெரிந்தால் முதல் இரண்டில் ஒன்று. அடியில் இன்னொரு வண்ணம் அப்படியே நின்றால் மூன்றாவது. அக்ரிலிக் காய்ந்த பிறகு மேலே ஆயில் அடிக்கலாம், ஆயிலின் மேல் அக்ரிலிக் நிற்காது. திருத்தும்போது உரிந்ததைச் சுரண்டிவிட்டு, எடை அடங்கும்வரை காயவைத்து, சீலரை மூன்று முறை அடியுங்கள். மார்பிலும் வாலடியிலும் நார் அறுபட்ட முகங்கள் குடிக்கக் குடிக்கக் கொடுத்து, இனி குடிக்காது என்ற நிலை வரவேண்டும். பிறகு பிரைமர், பிறகு பளபளப்பில்லாத வண்ணம். பளபளப்பு வெயிலில் மின்னி வாத்துகளைக் கலைத்துவிடும் என்பதால் வேலைக்கான டிகாயில் அது சேராது. லின்சீட் எண்ணெய் ஊற்றி ஊறவைக்கும் பழைய முறையைக் கையாண்டால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடிய டப்பாவில் போடுங்கள்.

ஆண் மல்லார்டின் விலாவில் ஓடும் மெல்லிய அலைக்கோடுகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. பழைய தொழிலாளர்கள் காய்ந்த வெளிர் நிறத்தின் மேல் ஈரமான அடர் ஆயில் வண்ணத்தைப் பூசி, சீப்பை அலையலையாக இழுத்துவிடுவார்கள். இருபது கெஜத் தொலைவில் கோடு தெரியாது, சாம்பல் நிறம் மட்டும் தெரியும். அது போதும். கையின் தேர்ச்சியைப் பார்க்கப் பெட்டை வாத்தை வரைந்து பாருங்கள். ஆணுக்குப் பெரிய நிறத் திட்டுகள், எளிது. பெட்டைக்கு எல்லாம் பழுப்பு, ஒவ்வொரு இறகின் ஓரமும் நடுவும் சரியாக வந்தால்தான் பறவையாகத் தெரியும். மாதிரிக்காகக் குளக்கரையில் கிடக்கும் இறகுகளைப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். 1918-ன் வலசைப் பறவைச் சட்டப்படி, கீழே கிடந்ததே ஆனாலும் வலசைப் பறவைகளின் இறகை அனுமதியில்லாமல் வைத்திருப்பது அமெரிக்காவில் குற்றம். முறைப்படி வேட்டையாடிய வாத்துகளுக்கு விலக்கு உண்டு, ஆகவே வேட்டைக்குப் போகும் நண்பரிடமிருந்து பெறலாம். இல்லையென்றால் நல்ல புகைப்படமே போதும். அடுத்ததாக எந்தப் பறவை என்று யோசித்தால் ஊசிவால் வாத்தைச் சொல்வேன். குளிர்காலத்தில் நம் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் வருகிற அதே இனம்தான் செசபீக்கிலும் இறங்குகிறது. அதன் நீண்ட வாலை மட்டும் தனி மரத்தில் செய்து செருகுங்கள்.

கிளப்புக்குத் தாராளமாகப் போங்கள். இந்தக் கலையை வளர்த்தவர்கள் கலைக்கல்லூரியில் படித்தவர்கள் கிடையாது. ஹாவர் டி கிரேஸின் மேடிசன் மிட்செல் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தியவர், அந்தத் தொழிலுக்கு இடையே ஆயிரக்கணக்கில் வாத்து செய்து, தன் பட்டறையில் பல இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கிரிஸ்ஃபீல்டின் வார்டு சகோதரர்கள், லெம்மும் ஸ்டீவும், முடிதிருத்தும் தொழில் செய்தவர்கள். 1918-ல் காட்டுவாத்துகளை விற்பனைக்காகச் சுடுவது நின்றது, 1935-ல் உயிருள்ள வாத்தைப் பார்வையாகக் கட்டுவதும் சிங்க்பாக்ஸும் தடையாயின, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. தேவை குறைந்த பிறகும் கை நிற்கவில்லை, வேலைப்பொருள் கலைப்பொருளாக மாறியது. மேரிலாந்தில் 1971 முதல் நடந்துவரும் உலகப் போட்டியில் புதியவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேலைக்கான டிகாய்ப் பிரிவுகளில் வாத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டே பார்ப்பார்கள், நிமிர்கிறதா என்றும் சோதிப்பார்கள். பாதி செதுக்கி விற்கும் கட்டையைப் பயன்படுத்தலாமா, பிறர் வரைந்த உருவக்கோடு செல்லுமா என்பதெல்லாம் போட்டிக்குப் போட்டி, பிரிவுக்குப் பிரிவு மாறும். கலந்துகொள்ளும் முன் அந்த ஆண்டின் விதிகளை வாங்கிப் படித்துவிடுங்கள். போட்டிக்கு முன் இரண்டு மாதம் கிளப்பின் செதுக்கு நாட்களுக்குப் போய் இந்தச் சாய்ந்த வாத்தையே மேசையில் வையுங்கள். முடிந்த அழகான வாத்தைவிடக் கோளாறான வாத்துதான் அங்கே பேச்சைத் தொடங்கி வைக்கும்.

அந்தப் பக்கத்துச் சந்தைகளில் பழைய டிகாய் ஏதும் கண்ணில் பட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சுத்தம் செய்யாதீர்கள், மறுபடி வண்ணம் தீட்டாதீர்கள். பழைய வாத்தின் மதிப்பு அதன் முதல் பெயின்ட்டில் இருக்கிறது. மாசசூசெட்ஸின் எல்மர் க்ரோவெல் செய்த இரண்டு டிகாய்கள் 2007-ல் தலா 11 லட்சம் டாலருக்கு மேல் விற்றன. அடியில் முத்திரை இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், முத்திரையையும் போலியாகக் குத்தலாம். பெயின்ட், தேய்மானம், அடியின் வேலைப்பாடு எல்லாம் ஒத்துவருகிறதா என்று தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வாத்தைப் பொறுத்தவரை வரிசை இதுதான்: எடைச் சோதனை, ஆறு வாரம் காத்திருப்பு, குடைந்து அடிப்பலகை ஒட்டுதல், விரிசலுக்குச் சீவல், வாலுக்குப் புது நுனி, சீலர், தொட்டியில் ஈயம் பார்த்தல், கடைசியில் வண்ணம். அடிப்பலகையை ஒட்டுவதற்கு முன் உள்பக்கத்தில் பென்சிலால் உங்கள் பெயரையும் ஆண்டையும் எந்த மரம் என்பதையும் எழுதிவிடுங்கள். வெளியே எழுதுவது அடுத்த பெயின்ட்டோடு போய்விடும்.